மத்தியானப் பை

டீச்சரின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்த பிறகு, அந்த வீட்டில் மருந்தைவிட அதிகமாகச் சேர்ந்தது குப்பைதான். ஆஸ்பத்திரிக்கு நாள் விட்டு நாள் அலைய வேண்டாம், வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக ஒரு பை மருந்துநீர் உள்ளே போகும். சில மணி நேரம் அங்கே கிடந்து, உடம்பின் கழிவை வாங்கிக்கொண்டு, இன்னொரு பைக்குள் வெளியே வரும். காலை, மத்தியானம், சாயங்காலம், படுக்கப்போகும் முன் என்று நாலு வேளை.

"உங்களுக்கு மூணு வேளை சாப்பாடு, எனக்கு நாலு வேளை தண்ணி. இந்த வீட்டுல யாருக்கு உபசாரம் ஜாஸ்தின்னு பாருங்க" என்பார் டீச்சர்.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பெரிய கட்டடங்களின் லிஃப்டெல்லாம் அவர் கைபட்டவை. இவர்கள் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடிக்குப் படிதான். "ஊரையெல்லாம் மேல தூக்கி விடறீங்க, கட்டினவளை மட்டும் நடக்க விட்டுட்டீங்க" என்று டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டே கேலி பேசுவார்.

குப்பைக்கும் அவர்தான் பாடம் நடத்தினார். வெளியே வந்த நீரைக் கழிப்பறையில் ஊற்ற வேண்டும். உபயோகித்த பையையும் குழாயையும் இரட்டை உறையில் போட்டு, இறுக்கி முடிந்து, கறுப்புத் தொட்டியில் போட வேண்டும். மருந்து வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி நீலத் தொட்டியில். "டேப்பைக் கிழிக்காம மடிச்சா எப்படிங்க? பாதி மார்க்தான்." ரிப்பேர் வேலையில் யாரிடமும் தலைகுனியாத மனிதர், மனைவியிடம் பாதி மார்க் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து டேப்பைக் கிழிப்பார்.

தொட்டிகள் கீழே, கட்டடத்துக்கே பொதுவாக இருந்தன. ஒரு நாள் காலை மூடி சரியாக மூடாமல் கிடந்ததில், நாய் ஒன்று உறையைக் கடித்து இழுத்துவிட்டது. முற்றமெங்கும் குழாயும் பையுமாகச் சிதறிக் கிடந்தன. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் இரண்டாவது மாடிக்காரர். ஏதோ கம்பெனியில் கணக்கர். கெட்ட மனிதரில்லை. ஆனால் அன்றைக்கு அவருடைய பேரக்குழந்தை ஒரு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிக் குப்பையெல்லாம் வீட்டுக் குப்பையா சார்? பசங்க விளையாடற இடம் இது. ஏதாவது ஒட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"இது ஒட்டற வியாதி இல்ல சார். நாய் இழுத்துப் போட்டது தப்புதான், நான் கூட்டிடறேன்."

"இன்னிக்குக் கூட்டுவீங்க. தினமும் உங்க ஒரு வீட்டுக் குப்பை, பாக்கி எல்லா வீட்டுக் குப்பைக்கும் சமமா இருக்கே! நாங்க எங்க போடறது, தலையிலயா?"

நாலு பேர் கூடிவிட்டார்கள். மெக்கானிக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நிமிர்ந்தபோது மூன்றாவது மாடி ஜன்னலில் டீச்சரின் முகம் தெரிந்தது. அவர் பார்த்ததும் முகம் உள்ளே போய்விட்டது.

மேலே போனதும் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அந்த வாரமே மருந்து வண்டி வந்தது. மாதத்துக்கான பெட்டிகளை வண்டிக்காரன் கீழேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். மெக்கானிக் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"முதுகு விட்டுப்போச்சு டீச்சர். இதைத் தூக்கித் தூக்கியே உனக்கு முன்னாடி நான் போய்ச் சேர்ந்துடுவேன் போல."

விளையாட்டாகத்தான் சொன்னார். டீச்சரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு குப்பை கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து உறையைத் தூக்கினால் கைக்கு லேசாக இருக்கும். டீச்சர் பையைச் சின்னதாகச் சுருட்டி வைக்கக் கற்றுக்கொண்டார் என்று நினைத்தார் அவர். மனசுக்குள் ஒரு நிம்மதிகூட.

"இப்பல்லாம் செயலாளர் வாயே திறக்கறதில்லை, கவனிச்சியா?"

"நல்லதுதானே" என்றார் டீச்சர்.

டீச்சருக்குக் கால் வீங்கத் தொடங்கியது. தன் செருப்பு நுழையாமல் கணவரின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டார். டாக்டரிடம் போனார்கள்.

"நாலு வேளையும் தவறாம போடறீங்களா?"

"போடறேன் டாக்டர்."

டாக்டர் மெக்கானிக்கைப் பார்த்தார். அவரும் சாட்சி சொல்வதுபோல் தலையாட்டினார். மத்தியானத்தில் அவர் வீட்டிலேயே இருந்ததில்லை என்பது அப்போது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் காலை தலை வாரிக்கொண்டிருந்த டீச்சர், சீப்பைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தார். ஆம்புலன்ஸ் ஆட்கள் நாற்காலியில் உட்கார வைத்துப் படியில் இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில், இதயம் தாங்கவில்லை என்றார்கள். எல்லாம் அன்றைக்கே முடிந்துவிட்டது.

மகள் வெளியூரிலிருந்து வந்தாள். காரியங்கள் முடியும்வரை கூட இருந்தாள். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அரைமனதோடு கிளம்பிப் போனாள். அதன் பிறகுதான் மெக்கானிக் மருந்துக் கம்பெனிக்குப் போன் செய்தார். இனி அனுப்ப வேண்டாம், மிச்சம் இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

"வீட்டுக்கு வந்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம் சார்" என்றது ஒரு பெண்குரல்.

"பிரிக்கவே இல்லையேம்மா. வேற யாருக்காவது உதவுமே."

"குடுக்கக் கூடாது சார், ரூல் அப்படி. பையை வெட்டி, தண்ணிய வடிகால்ல ஊத்திடுங்க. உபயோகிக்காத பைதானே, பிளாஸ்டிக்கோட போடலாம். அட்டையை மடிச்சுத் தனியா போட்டுடுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "சாரி சார்" என்றாள்.

கூடத்தில் சில பெட்டிகள் இருந்தன. அது எதிர்பார்த்ததுதான். வேறெங்காவது இருக்குமோ என்று மகளின் பழைய அறையில் கட்டிலிலிருந்து தரைவரை தொங்கிய போர்வையை விலக்கி அடியில் பார்த்தார். சுவர்வரைக்கும் பைகள். பெட்டியில் இல்லை, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கியிருந்தது. பெட்டியைத் தூக்கும் தெம்பு டீச்சருக்கு இல்லை, ஒற்றைப் பையைத் தூக்க முடியும்.

கம்பெனிக்காரன் வேளைக்கு ஒன்று என்று அளந்துதான் அனுப்புவான். கூடுதலாக ஒன்றுகூட வர வழியில்லை. மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் செயலாளர் வந்தார். பைகளை வெட்டிக் கொட்ட வேண்டியிருப்பதை எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார். கையில் கத்தரிக்கோலும் ஒரு வாளியும்.

"தனியா எப்படி சார் செய்வீங்க? நானும் கூட இருக்கேன்."

வேண்டாம் என்று சொல்ல மெக்கானிக்குக்குத் தெம்பில்லை. இருவரும் குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் முனையை வெட்ட, ஒருவர் கவிழ்த்தார். நீர் பளிங்கு மாதிரி போய்க்கொண்டிருந்தது. உடம்புக்குள் போகாத நீருக்கு நிறமில்லை, வாசனையில்லை. காலிப் பைகள் ஒரு பக்கம் குவிந்தன.

"இவ்வளவு மிச்சமிருக்கே சார். கூடுதலா அனுப்பிட்டானா?" என்று கேட்டார் செயலாளர்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"அவ மத்தியானம் போட்டுக்கல சார். கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்சிருந்தா."

"ஏன்?"

மெக்கானிக் குவிந்து கிடந்த காலிப் பைகளைப் பார்த்தார். செயலாளரின் கையிலிருந்த கத்தரிக்கோல் நின்றது. முகம் மெல்ல மெல்லச் சாம்பல் பூத்தது. "நான்... அன்னிக்குக் குழந்தை கையில பார்த்த பதட்டத்துல..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"நானும்தான் முதுகு வலிக்குதுன்னு சொன்னேன். உங்க வார்த்தையா, என் வார்த்தையான்னு அவளைத்தான் கேட்கணும்."

"டாக்டர் என்ன சொல்றார்? அதனாலதானா?"

"நான் கேட்கல. கேட்டுட்டு என்ன பண்ண?"

செயலாளர் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். எழுந்து போய்விடுவார் என்று மெக்கானிக் நினைத்தார். போகவில்லை. அடுத்த பையை எடுத்து வெட்டினார். இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் கவிழ்த்து முடித்தார்கள். அட்டைகளைக் கட்டிக் கீழே தூக்கிக்கொண்டு போனது செயலாளர்தான். அதற்குப் பிறகு படியில் எதிர்ப்படும்போதெல்லாம் அவர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டார் என்று பின்னால் தெரிந்தது.

பைகளைக் கவிழ்த்து முடித்த அன்று ராத்திரி மகள் போன் செய்தாள். "சாப்பிட்டியாப்பா?" என்றாள். சாப்பிட்டேன் என்றார். மேற்கொண்டு எதுவும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் சொல்லிவிட்டார். கட்டிலுக்கடியில் இருந்தது, ஜன்னலில் முகம் தெரிந்தது, தான் தலையாட்டியது எல்லாவற்றையும்.

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இதை ஏம்ப்பா என்கிட்ட சொன்னே?" என்றாள். குரல் உடைந்திருந்தது. "தெரியாமலே இருந்திருப்பேனே."

"தனியா வச்சுக்க முடியலம்மா."

அவள் அழுதாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவள் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.