அவங்களே சொல்லட்டும்

கண் டாக்டரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். பலகையில் இருந்த எழுத்துகளைக் காட்டி, "என்ன தெரியுதும்மா?" என்று அவர் என்னைக் கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற என் கணவர் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டார். "பாவம், திணறுறியேன்னுதான்" என்றார் வெளியே வந்ததும். அதை நம்பி டாக்டர் எழுதிக்கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அச்சகத்தில் பிழை திருத்த உட்கார்ந்தால் வரிகளெல்லாம் நீந்தின.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பவர். யாரும் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காது. தொழிலில் வந்த பழக்கமா, பிறவியிலேயே அப்படியா, தெரியாது. அக்கா ஃபோனில் "எப்படிடி இருக்கே?" என்றால், "நல்லா இருக்கா!" என்று பக்கத்திலிருந்து இவர் கத்துவார். அச்சக முதலாளி எனக்குப் பெரிய பொறுப்பு ஒன்று தரலாம் என்று வீடு தேடி வந்தபோது, "அவளுக்கு அலைச்சல் ஒத்துக்காதுங்க" என்று சொல்லி, டீயும் கொடுத்து வழியனுப்பிவிட்டார். டீயைப் போட்டது நான். விஷயம் அப்புறம்தான் தெரிந்தது.

அன்பில்லாமல் அவர் செய்த காரியம் ஒன்றுகூடக் கிடையாது. அதனாலேயே சண்டை போடவும் வழியில்லை. என் குரல் எனக்கே மறந்துபோகும் என்று பயம் வந்தது. அச்சகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துப் போனேன்.

ஒரு வருஷம் கழித்து, சட்டப்படியே பிரிந்துவிடலாம் என்றேன்.

"என்னைப் பிடிக்கலையா?"

"பிடிக்குங்க. ஆனா எனக்காக நான்தான் பேசணும்."

வெகுநேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, வக்கீல்கிட்ட நானே பேசிடறேன்" என்றார்.

வக்கீலம்மா எங்களைப் பார்த்ததும் பூரித்துப்போனார். "பிள்ளைங்க இல்ல, சொத்துச் சண்டை இல்ல, ரெண்டு பேருக்கும் சம்மதம். இந்த கேஸை யாராலயும் கெடுக்க முடியாது."

"ஞாயித்துக்கிழமை இவ வீட்டுக் குழாயை ரிப்பேர் பண்ணேன் மேடம். சேர்ந்து வாழ்ந்ததா ஆயிடுமா?"

"ஆகாது. ஒரு வருஷமா புருஷன் பொண்டாட்டியா குடும்பம் நடத்தியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். எதிரியா இருக்கணும்னு எந்தச் சட்டமும் சொல்லல."

மனு விசாரணைக்கு வந்த அன்று நீதிபதிக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது உங்க விருப்பம்தானாம்மா?"

"பரிபூரண சம்மதம் சார்" என்றார் என் கணவர்.

"நான் அந்தம்மாவைக் கேட்டேன்."

"அவங்களுக்குக் கூட்டத்துல பேச்சு வராது சார்."

நீதிபதி பேனாவை மூடினார். "ஏம்மா, இவர் உங்களை மிரட்டிக் கூட்டிட்டு வந்திருக்காரா?"

"சேச்சே, இல்லவே இல்ல சார்!" அதுவும் அவர்தான்.

வக்கீலம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். என் கணவரை வெளியே அனுப்பிவிட்டு நீதிபதி என்னைத் தனியாக விசாரித்தார். நான் கண் டாக்டர் கதையைச் சொன்னேன். சிரிப்பில் அவருக்குத் தும்மல் வந்துவிட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார்: "சம்மதம்ங்கறது அவங்கவங்க வாயிலேருந்து வரணும். வற்புறுத்தி வாங்கினது செல்லாது. ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் வாங்க. நடுவுல யாருக்கு மனசு மாறினாலும் வேண்டாம்னு சொல்லிடலாம். ஆனா அன்னிக்கும் அவர் உங்களுக்காகப் பேசினா, தீர்ப்பு கிடைக்காது."

வெளியே என் கணவர் தலைகுனிந்து நின்றார். "கெடுத்துட்டேனா?"

"முக்கால்வாசி" என்றார் வக்கீலம்மா.

அந்த ஆறு மாதமும் அவர் பயிற்சி எடுத்தார். காய்கறிக்காரர் என்னிடம், "என்னம்மா வேணும்?" என்று கேட்டால் இவர் உதட்டைக் கடித்துக்கொள்வார். முகம் சிவந்துவிடும். "மூச்சை விடுங்க" என்பேன். என் அறைக்கு வந்திருக்கும்போது அக்காவின் ஃபோன் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். பார்க்கப் பார்க்க எனக்கு மனசு இளகியது. இவ்வளவு மாறுகிறவரை எதற்கு விட வேண்டும் என்றுகூடத் தோன்றியது. அதே சமயம் தனி அறையில், சாயங்கால வெளிச்சத்தில், நான் படித்ததை நானே வாய்விட்டுச் சொல்லிப்பார்க்கும் சுகத்தையும் விட மனமில்லை.

இரண்டாவது முறை போனபோது அவர் முதலில் தன் சம்மதத்தைச் சொன்னார். தன்னுடையதை மட்டும். நீதிபதி என் பக்கம் திரும்பினார். "உங்க முடிவு என்னம்மா?"

வாய் வரவில்லை. தட்டச்சு செய்பவர் விரல்களை நிறுத்திக் காத்திருந்தார். நான் உண்மையிலேயே இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றிருந்தேன். அந்த நேரத்தில் அவர், "வேண்டாம் சார், வீட்டுக்குப் போறோம்" என்றிருந்தால் கூடவே போயிருப்பேன். "சம்மதம் சார்" என்றிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். திரும்பிப் பார்த்தேன். இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, சுற்றாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தெல்லாம் வேர்வை. என் திணறலைப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஆமா சார்" என்றேன். "நாங்க தனித்தனியாவே இருக்கணும். முழு மனசோட சொல்றேன்."

அவர் மூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது.

படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கணீர்னு சொன்ன" என்றார். எதிரே இருந்த ஓட்டலில் சர்வர் வந்து என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, "எனக்கு ஒரு டீ. அவங்களுக்கு என்னன்னு அவங்களே சொல்லட்டும்" என்றார்.

அதற்கப்புறமும் குழாய் ரிப்பேர் நிற்கவில்லை. நான் 'ஏங்க' என்று கூப்பிடுவதும் நிற்கவில்லை.

இந்த வருஷம் அவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன். இளம் டாக்டர் ஒருவர் என்னிடம், "நீங்க அவருக்கு யாரும்மா?" என்று கேட்டார். கட்டிலில் கிடந்தவரின் கை பழக்கதோஷத்தில் முகமூடியை விலக்கப் போனது. பாதியில் நின்றது. கையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு காலத்துல மனைவி" என்றேன். "இப்பவும் வேண்டியவ."

டாக்டர் அவர் பக்கம் குனிந்தார். "வலி எங்க இருக்கு சார்?"

அவர் விரலை என் பக்கம் நீட்டினார். என்னைச் சொல்லச் சொன்னார்.

"நெஞ்சுல இல்ல டாக்டர். முதுகுல. இடது பக்கம்."

அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"வலது பக்கம்" என்று திருத்தினேன்.

முகமூடிக்குள் சிரித்தார் போலிருக்கிறது. அதன் உள்பக்கம் முழுக்க ஆவி படர்ந்தது.