அருவி நிற்கக் கூடாது

குற்றாலத்தில் கடை போட்டவன், லாட்ஜ் கட்டியவன், எண்ணெய் தேய்த்துவிடுகிறவன் எல்லாருக்கும் ஒரே கவலை, தண்ணீர் எப்போது விழும் என்று. எனக்கோ தண்ணீர் நின்றுவிடுமோ என்று கவலை. கவலை என்ன, பயம்.

என் பெயர் கிங்ஸ்லி, தென்காசிக்காரன். கிடார் வாசித்துப் பாடுவதுதான் பிழைப்பு. பாட்டும் எழுதுவேன். சர்ச் பாடகர் குழுவில் தொடங்கி, மெல்லிசைக் குழு, ஷார்ஜாவில் ஓட்டல் பாடகன், திரும்பி வந்து புளியங்குடியில் எலுமிச்சை மண்டித் திறப்புக்கு ஒரு பாட்டு, ஒரே தேர்தலில் இரண்டு கட்சிக்கும் பாட்டு என்று நான் பாடாத இடம் கிடையாது. எதிலும் பெரிய ஆள் ஆகவில்லை. ஆனால் இருபத்தாறு வருஷம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றதில் காது போய்விட்டது.

முதலில் வலது காது. பிறகு இடதும் பாதி. நரம்பு கெட்டுவிட்டது, இனி திரும்பாது, மெஷின் வையுங்கள் என்று டாக்டர் சீட்டில் எழுதியே காட்டினார். மெஷினை மாட்டிக்கொண்டு மேடையேறினால் எவன் பாடக் கூப்பிடுவான்? மனைவி நிர்மலாவிடம்கூட நான் சொல்லவில்லை. அவள் வாயைப் பார்த்தே பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

அப்போதுதான் ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் வேலை வந்தது. தினமும் சாயங்காலம் தோட்டத்து மேடையில் பாட வேண்டும். வந்த அன்றே தெரிந்துவிட்டது, இது எனக்கென்றே அமைந்த இடம். அருவி இரைச்சலில் இங்கே எல்லாருமே செவிடர்கள்தான். எல்லாரும் கத்துகிறார்கள், கையைக் காட்டுகிறார்கள், வேண்டிய பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். சுருதிக்கு, கீபோர்டு வாசிக்கும் இசக்கிமணியின் விரலைப் பார்த்துக்கொள்வேன். தாடையைக் கிடார்மேல் அழுத்தினால் கம்பியின் அதிர்வு எலும்பில் வரும். பார்த்தவர்கள் ஸ்டைல் என்று போட்டோ எடுத்தார்கள்.

செப்டம்பரில் சாரல் விட்டுவிட்டது. ஐந்து கிளை நான்காயிற்று, மூன்றாயிற்று. தினமும் காலையில் போய் எண்ணிப் பார்ப்பேன். அந்த நேரம் பார்த்து மேனேஜர் முத்துச்செல்வம் என் எதிரே வந்து நின்று கத்தினார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம ஓனர் வாராரு. ஒங்க சொந்தப் பாட்டப் பாடுங்க. அவருக்குப் பிடிச்சிட்டுன்னா வருசம் பூரா இந்த மேடை ஒங்களுக்குத்தான்."

இதை விட்டால் எனக்கு வேறு மேடை கிடையாது. எங்கே போனாலும் பத்து நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். அன்று வியாழக்கிழமை. அருவி இரண்டே கிளையாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குமேல் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வெள்ளியும் சனியும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குத் தொண்டையைக் காப்பாற்ற வேண்டும் என்று இரண்டு நாள் பாட்டுக்கும் லீவு சொல்லிவிட்டு, அறைக்குள்ளேயே கிடந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இரைச்சல் இருந்தது. ஞாயிறு காலையில் இன்னும் பலமாகவே கேட்டது. மலையில் மழை போல என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். பயந்தவன் புத்தி எதையும் நம்பும்.

சாயங்காலம் மேடையேறினேன். முன்வரிசையில் ஓனர். நான் எழுதிய பாட்டைத் தொடங்கினேன். அருவியைத் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று வயிற்றிலிருந்து எடுத்துப் பாடினேன். ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. அதன் அம்மா துப்பட்டாவை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். ஓனர் திரும்பி மேனேஜரைப் பார்த்தார். அவருக்குச் சத்தம் எட்டவில்லை போலிருக்கிறது என்று எனக்கு வியர்த்துவிட்டது. இன்னும் ஏற்றிக் கத்தினேன்.

இசக்கிமணியின் விரல்கள் நின்றுவிட்டன. அவன் எழுந்து வந்து என் மைக்கை அணைத்தான். நான் அவன் வாயைப் பார்த்தேன்.

"என்னாச்சு அண்ணாச்சி, ஏன் இப்படிக் கத்துதிய?"

"என்னலே கேக்க? இந்தத் தண்ணி இரைச்சல்ல வேற எப்படிப் பாட?"

அவன் முகம் மாறியது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்தான்.

"எந்தத் தண்ணி அண்ணாச்சி? அருவி வெள்ளிக்கிழமையே நின்னுட்டுல்லா."

நான் தோட்டத்தைப் பார்த்தேன். யாரும் யாரிடமும் கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவர் காதில் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓனர் எழுந்துவிட்டார். என் தலைக்குள் ஐந்து கிளையும் கொட்டிக்கொண்டிருந்தது.