சங்ககாலத்து எழுத்து

2003ஆம் வருஷம் கொச்சி மட்டாஞ்சேரியில் அறிவின் விலை பக்கத்துக்கு ஏழு ரூபாய். கலரில் வேண்டுமென்றால் பதினைந்து. மிளகு விலையாவது சில நாள் இறங்கும். பரீட்சை மாதத்தில் இது இறங்கியதே இல்லை.

கொச்சங்காடியில் ஒரு பண்டகசாலையின் மாடியில் நடந்தது தபால்வழிப் படிப்பின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. கீழே சுக்கு மூட்டை, மேலே பி.ஏ. தமிழ். இரண்டில் காரம் எதில் என்று யாரும் கேட்டதில்லை.

முன்வரிசையில் மாடத்தி. நாற்பத்தேழு வயது, நகரசபையில் துப்புரவு வேலை. பின்வரிசையில் ஷிபு. பத்தொன்பது வயது, வீட்டில் பேசுவது தமிழ், வாசிப்பது மலையாளம். இரண்டு பேருக்கும் ஒரே பாடத்தை நடத்தியவர் வெங்கிட்டு சார். நடத்தினார் என்பது மரியாதைக்கு. வகுப்பு ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அவர் ஒரே மந்திரத்தைத்தான் ஓதினார்:

"இது டிஜிட்டல் யுகம். இனி பிரிண்ட்டுக்குத்தான் மார்க்."

கடைசிக் கட்டுரைக்கு மாடத்திக்கு வேண்டியது இருபதுக்கு எட்டு மார்க். எட்டு வந்தால் பட்டம். பட்டம் வந்தால் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு நகரசபை ஆபீஸில் நாற்காலி. அந்தப் பதவி உயர்வுப் பட்டியல் மாதக் கடைசியில் மூடுகிறது. குறுந்தொகையைப் பற்றிப் பதினோரு பக்கம் கையால் எழுதிக் கொடுத்தாள். வந்தது ஏழு.

ஷிபுவுக்குப் பதினெட்டு.

"எங்கடா பிடிச்சே?"

"நெட்டுல அக்கா. சஜி சேட்டன் கடையில பிரிண்ட். பத்துப் பக்கம், எழுபது ரூபா."

வாங்கிப் புரட்டினாள். முதல் பக்கத்தில் ஷிபு பேனாவால் எழுதிய பெயரும் தலைப்பும் இருந்தன. உள்ளே மருந்துக்கும் தமிழ் இல்லை. சஜியின் கம்ப்யூட்டரில் தமிழ் ஃபாண்ட் கிடையாது. அது தனக்குத் தெரிந்ததைக் கக்கியிருந்தது. தலையில் புள்ளி வைத்த ஆங்கில எழுத்து, வால் முளைத்த எழுத்து, நடுநடுவே பவுண்டுக் குறி. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் சாரின் கையெழுத்து: 'நடை அழகு. மேற்கோள்கள் பொருத்தம்.'

"இது என்ன எழுத்துடா?"

ஷிபு தலையைச் சொறிந்தான். "சங்ககாலம் இல்லையா அக்கா? பழைய தமிழ்னு நெனச்சேன்."

மாடத்தி சிரிக்கவில்லை. இரண்டு கட்டுரைகளையும் எடுத்துக்கொண்டு சாரின் மேசைக்குப் போனாள்.

"சாரே, இந்த அழகான நடையில ரெண்டு வரி வாசிச்சுக் காட்டுங்க. கேட்டுப் படிச்சுக்கறேன்."

வெங்கிட்டு சார் கண்ணாடியை மாட்டினார். கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். எழுத்து மாறவில்லை.

"இது... டெக்னிக்கல் கோளாறு."

"கோளாறுக்குப் பதினெட்டா சாரே?"

சார் வாசல் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "உனக்கு எவ்வளவு வேணும்? எட்டு? பத்து போட்டுடறேன்."

மாடத்தி பேசவில்லை.

"பன்னெண்டு."

மிளகுத் தரகர்களின் வாசலை இருபது வருஷமாகப் பெருக்குகிறவள் அவள். வாய் திறக்காதவன் விலை ஏறும் என்பது அவளுக்குப் பாடம்.

"சரி, பதினஞ்சு! யார்கிட்டயும் சொல்லாதே."

"கூட்ட வேண்டாம் சாரே. என்னோடதை வாசிச்சுட்டு என்ன வருதோ அதைப் போடுங்க." முந்தானையைச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "எனக்கு வேற வேலையில்ல, ஞாயித்துக்கிழமை."

ஒரு வயதான மாணவி எதிரே உட்கார்ந்திருக்க ஓர் ஆசிரியர் கட்டுரை வாசிப்பது எத்தனை கொடுமை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. மூன்றாம் பக்கத்தில் கொட்டாவியை விழுங்கினார். ஐந்தாம் பக்கத்தில் நிமிர்ந்தார். ஏழாம் பக்கத்தில் ஓர் இடத்தை விரலால் தொட்டு, "இது நீயே எழுதினதா?" என்றார்.

"இல்ல, சஜி சேட்டன்."

ஒன்பதாம் பக்கத்தில் துள்ளிக் குதித்தார். "பிடிச்சேன்! 'தலைவி வெள்ளம் குடித்தாள்'! வெள்ளத்தையா குடிச்சா? ஊரையே அடிச்சுட்டுப் போற வெள்ளத்தையா?"

மாடத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொச்சியில் குடிக்கிற தண்ணீர் வெள்ளந்தானே, பேனாவில் இறங்கிவிட்டது.

"அதுக்குக் கழிச்சுக்கங்க சாரே. நியாயம்."

கழித்தார். சிவப்பு மையில், தெளிவாக: பதினான்கு, அதில் வெள்ளத்துக்கு ஒன்று போகப் பதின்மூன்று.

ஷிபுவின் பதினெட்டை அடிக்கச் சார் பேனாவை எடுத்தார். மாடத்தி கட்டுரையை இழுத்துக்கொண்டாள்.

"அவனை மட்டும் பிடிச்சா எப்படி? மீதியையும் வாசிச்சுட்டு அடிங்க."

மேசைமேல் வகுப்பின் கட்டுரைக் கட்டு இருந்தது. அன்றைய கணக்கு: மார்க் போட்டது நாற்பத்திரண்டு. வாசித்தது ஒன்று. பாக்கி நாற்பத்தொன்று.