கீழ்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி

அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றி ஆட வந்தவர்களை நெலிதா வாசலிலேயே நிறுத்தி, பூட்ஸைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“உங்கப்பனைக் காலுறையோடயா ஆடி அனுப்பணும்?” என்றார் எவரிஸ்தோ மாமா, முதுகில் யாழைச் சுமந்தபடி.

“கீழ்வீட்டு ஒர்டென்சியாம்மாவைத் தெரியாதா மாமா? விளக்குமாத்துக் கட்டையால இடிக்கும்.”

தெரியாமல் என்ன. மலையைவிட்டு லீமா நகரத்துக்கு வந்து, இந்த மூன்றாம் மாடியில் குடியேறிய பதினோரு வருடமும் அப்பாவுக்கும் அந்த அம்மாளுக்கும் இதே வழக்குதான். ஊர்க் களத்தில் கதிரை மிதித்து மிதித்து வந்த ஆட்டம். இங்கே மிதித்தால் அடுத்தவள் தலையில் சுண்ணாம்பு உதிரும். ஊர்க்காரர்கள் கூடும் கொட்டகையில் ஞாயிறெல்லாம் ஆடியும் ஆசை அடங்காத மனுஷன், தினமும் சாயங்காலம் கட்டிலோரம் ஒரு சுற்று ஆடுவார். முடிவில் இடதுகாலால் மூன்று மிதி. கீழிருந்து இடி வரும். அதற்கும் தொப்பியைக் கழற்றித் தரையைப் பார்த்து வணங்குவார்.

“என்னைச் சும்மா தூக்கிட்டுப் போயிடாதீங்க, மிதிச்சு அனுப்புங்க” என்று அம்மாவிடம் கேட்டிருந்தார். அம்மா இரண்டு நாளாக அதையே சொல்லி அழுதாள்.

யாழ் நன்றாகத்தான் ஒலித்தது. கால்கள்தான் பூனை மாதிரி வந்து போயின. அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. நெலிதாவுக்கு வெட்கமாக இருந்தது.

பெட்டியைத் தூக்கக் குனிந்தபோது கதவு தட்டப்பட்டது. ஒர்டென்சியாம்மா, கறுப்பு உடையில், கையில் ஒரு தட்டு ரொட்டியோடு.

“ஆட்டம் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதும்மா. சத்தம் கேட்டிருந்தா மன்னிச்சுக்கங்க.”

“கேக்கலையே, அதனாலதான் வந்தேன். அந்த மூணு மிதி எங்கடி? ஒருநாள் விட்டிருப்பாரா உங்கப்பா?” கிழவி தட்டை நெலிதாவின் கையில் திணித்தாள். “எல்லாரும் பூட்ஸைப் போடுங்க. நான் கீழ போய் உக்காந்துக்கறேன்.”

மாமா சிரித்துவிட்டார். அம்மா எழுந்தாள். கட்டிலடியிலிருந்து அப்பாவின் பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டாள். இரண்டு அளவு பெரிது.

இந்த முறை அலமாரிக் கோப்பைகள் எல்லாம் குலுங்கின. முடிவில் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, அம்மா கட்டிலோரம் போய் நின்று இடதுகாலைத் தூக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

கீழிருந்து இடி வந்தது.

பெட்டிமேல் இருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள் அம்மா. பிறகு அதைக் கழற்றி, தரையைப் பார்த்து வணங்கினாள்.