பன்னிரண்டு எலிகளும் ஒரு மூட்டை சோளக்கட்டைத் தூளும்

நோன்பு மாதத்தில் ஸ்ஃபாக்ஸ் நகரத்து எலி ஆய்வுக்கூடத்தில் வேலையே நோன்பு திறக்கும் இஃப்தாருக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். ஒல்ஃபா ஓர் எலியின் வாலில் ஊசியால் குத்தி, ரத்தத் துளியைக் கருவியில் வைத்தாள். எண்ணைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போனது.

"மறுபடியும் பூஜ்யம் புள்ளி மூணு! விடிஞ்சதுலேர்ந்து பட்டினி கிடந்த எனக்கே இதைவிட ஜாஸ்தி கீட்டோன் இருக்கும்டீ."

மாவுச்சத்தே இல்லாமல், வெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த தீனி அது. தின்றால் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தத்தில் கீட்டோன் ஏற வேண்டும். முதலில் நன்றாகத்தான் ஏறியது. பத்து நாளாகப் பன்னிரண்டு எலிக்கும் இறங்குமுகம்.

"நாளைக்குக் காலையில பேராசிரியர்கிட்ட எழுதிக் கொடுத்துடறேன், தீனி தோத்துப்போச்சுன்னு. மூணு மாச உழைப்பு குப்பைக்கு."

ஒல்ஃபாவின் பக்கத்து வீட்டுப் பெண் ஷைமா கையிலிருந்த கூண்டைக் கீழே வைத்தாள். பதினாறு வயது; விடுமுறையில் கூண்டுகளுக்குப் படுக்கை மாற்ற வந்தவள். நேற்று ஓர் எலி இரண்டு கையாலும் எதையோ பிடித்துக் கொறித்ததைப் பார்த்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை.

"அக்கா, திட்டுங்க, ஆனா வீட்டுக்கு அனுப்பிடாதீங்க."

"என்னடீ பண்ணித் தொலைச்சே?"

"மரச்சீவல் தீந்துபோச்சு. பக்கத்து அறையில சோளக்கட்டைத் தூள் ஒரு மூட்டை இருந்துச்சு. படுக்கைதானேன்னு அதைப் பரப்பிட்டேன். அதுங்க... படுக்கையைத் தின்னுதுங்க அக்கா."

ஒல்ஃபா பதிவேட்டை எடுத்தாள். "என்னிக்குப் போட்டே?"

"போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை."

ஒல்ஃபா பக்கங்களைப் புரட்டினாள். வியாழன் வரை ஏற்றம். வெள்ளியிலிருந்து சரிவு. விரல் அந்தக் கோட்டிலேயே நின்றது.

"அடி கழுதை!" என்றாள். ஷைமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அடுத்த நொடி ஒல்ஃபா அவளை இடுப்போடு தூக்கிச் சுற்றினாள். "தீனி தோக்கலைடீ! திருட்டுப் பயலுங்க ராத்திரியெல்லாம் மெத்தையைத் தின்னிருக்கானுங்க! அதுல இருக்கிற மாவுச்சத்துதான் கீட்டோனை இறக்கிடுச்சு! நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் நாளைக்கு எல்லாத்தையும் இழுத்து மூடியிருப்பேன்!"

"அப்ப நான் போக வேண்டாமா?"

"போறதாவது! பன்னிரண்டு கூண்டையும் யாரு கழுவுவா, உங்க மாமாவா?"

மேல்மாடி ஆய்வகத்தில் கெஞ்சி மரச்சீவல் வாங்கி வந்தார்கள். விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் நேரம் வரை கூண்டுகளைத் தேய்த்தார்கள். நடந்ததை நடந்தபடியே பதிவேட்டில் ஷைமாவே எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது. ஒல்ஃபா திருத்தச் சொல்லவில்லை.

ஐந்தாம் இரவு கருவி ஒன்று புள்ளி ஆறு காட்டியது. ஒல்ஃபா கல்யாண வீடு மாதிரி நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள்.

"அக்கா, சத்தம் போட்டா எலி மிரளும்!"

"மிரளட்டும்டீ, நீயும் போடு!"

ஷைமாவும் போட்டாள். பன்னிரண்டு எலிகளும் பின்னங்காலில் எழுந்து நின்று, இந்த இரண்டு பைத்தியங்களையும் பார்த்தன.