ஓய்வெடுக்க வைத்த பெஞ்சு

என் வீட்டுக்காரர் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் போடுகிறவர். வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்து உட்கார்ந்தது. அதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை பாருங்கள்!

பெரிய டாக்டர் விளக்கித்தான் சொன்னார். முதலில் அழுத்த அறைக்குள் படுத்து ஆக்சிஜனை இழுக்க வேண்டும். அது கட்டிக்குள் ஏறிய பிறகு கதிர்வீச்சு வைத்தால் நன்றாகப் பிடிக்கும். "ரெண்டும் சேர்ந்தாதான் பலன்மா" என்றார்.

அழுத்த அறை என்பது ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே அழுத்தம் ஏற ஏறக் காது அடைத்து வலிக்கும். எச்சில் விழுங்கினால்தான் திறக்கும். வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. இவருக்கோ கதிரில் வெந்துபோன தொண்டை, தண்ணீர் இறங்கினாலே உயிர் போகும். "முழுங்குங்க ஐயா, இன்னும் ஒரு தடவை" என்று நர்ஸ் மைக்கில் கெஞ்சுவாள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்குவார். வெளியே நின்று நானும் சேர்ந்து விழுங்குவேன்.

அந்த நர்ஸுக்கு நான் வைத்த பெயர் காத்துக்காரி. நல்ல பெண். ஒரு நாள் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "சீக்கிரம் போங்கக்கா" என்றாள்.

"என்ன அவசரம்? கதிர் ரூம்ல எப்படியும் ஒரு மணி நேரம் பெஞ்சுல உக்கார வெச்சுத்தானே உள்ள விடுவாங்க?"

அவள் முகம் செத்துப்போனது. "தினமுமா?"

"தினமும்தான்."

"ஐயோ அக்கா! வெளிய வந்த கொஞ்ச நேரத்துல ஏத்தினதெல்லாம் இறங்கிடுமே! வந்த சூட்டோட வைக்கணும்!"

எனக்கு உச்சந்தலையில் தீப்பற்றியது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். லிஃப்ட் வரவில்லை, சரிவுப் பாதையில் இறக்கினேன். எதிரே வந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

கதிர் ரூம் வாசலில் கதிர் வைக்கிற டெக்னீஷியன் எப்போதும் போலச் சிரித்தான். "வாங்கம்மா. ஐயா கொஞ்சம் இளைப்பாறட்டும்."

"எவன்டா சொன்னான் உனக்கு, இளைப்பாறச் சொல்லி?"

அவன் மிரண்டுபோனான். "யாரும் சொல்லலம்மா. அழுத்தத்துல இருந்து வர்றவங்களை உடனே படுக்க வெச்சா மயக்கம் வருமோன்னு நானாத்தான்..."

நானாத்தான்! அயோக்கியனாக இருந்தால்கூட ஆத்திரம் தீர நாலு வார்த்தை திட்டியிருப்பேன். இவன் அவருக்குத் தலையணை கொண்டுவந்து வைத்தவன். காற்று ஏற்றுகிறவளுக்குக் கதிர் ரூம் தெரியாது. கதிர் வைக்கிறவனுக்குக் காற்று எதற்கென்று தெரியாது. நடுவில் என் புருஷன் ஒவ்வொரு மிடறாகச் செத்துக்கொண்டிருந்தார்.

"இப்பவே உள்ள கூட்டிட்டுப் போ. இல்லேன்னா இந்தக் கதவை நான் உடைப்பேன்."

கூட்டிக்கொண்டு போனான். அதற்குள் யாரோ சொல்லி, பெரிய டாக்டர் இறங்கி வந்தார். நடந்ததைக் கேட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"இனிமே கரெக்டா நடக்கும்மா. நானே பாத்துக்கறேன்."

"இனிமே சரி. இவ்வளவு நாள் அவர் முழுங்கினது?"

டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

"அந்த நாளுக்கெல்லாம் கதிரைத் திரும்ப வைப்பீங்களா?"

"கதிருக்கு ஒரு அளவு இருக்கும்மா. அதைத் தாண்ட முடியாது."

"அப்போ அவ்வளவும் வீண்?"

"கதிர் வேலை செஞ்சிருக்கும். ஆக்சிஜன் குடுத்திருக்க வேண்டிய கூடுதல் பலன்..." என்று இழுத்தார்.

கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் நாற்காலியில் வெளியே வந்தார். டாக்டரே நேரில் வந்து நிற்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பேச முடியாது, அதனால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

"கையை இறக்குங்க" என்றேன்.

என்னை முறைத்தார். மரியாதை தெரியாதவள் என்பது போல. பிறகு திரும்பி, அந்த டெக்னீஷியனுக்கும் ஒரு கும்பிடு போட்டார்.