திரும்பிப் பாக்காதீங்க மேடம்

நேத்து கார் ஸ்டாண்டுல நீரு பொறத்தால நின்னு "ஏலே இசக்கியப்பா"ன்னு கூப்பிட்டதும் நான் துள்ளி விழுந்தேன்லா, எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சிய. சிரிங்க வே, நல்லாச் சிரிங்க. அந்தப் பாறையில ஒரு நிமிசம் நின்னுருந்தா உம்ம சிரிப்பு என்னாகியிருக்கும்னு பாத்திருக்கலாம். கேக்கீரேன்னு சொல்லுதேன். ஆனா இது எங்க மேடம் காதுக்குப் போச்சுன்னா உம்ம மொகத்துலயே முழிக்க மாட்டேன், ஆமா.

மேடம்னா இங்கெர் மேடம். டென்மார்க்குக்காரவிய. ராதாபுரம் பக்கம் கரண்டு எடுக்குத காத்தாடிக் கம்பெனியில எஞ்சினியரு. பெருமாள்புரத்துல வாடகை வீடு, ஒத்தையாத்தான் இருக்காவ. வந்த நாள்லருந்து நாந்தான் காரு ஓட்டுதேன். சும்மா சொல்லக் கூடாது, ஊருல பாதிப்பேர விட நல்லா பொழங்குவாவ, தமிழும் தடங்கலில்லாமப் பேசுவாவ. மீன்காரிட்ட செவுளத் தூக்கிப் பாத்துதான் சாள மீனு வாங்குவாவ. உடன்குடிக்குப் போயி கருப்பட்டி வாங்கி அவிய அம்மைக்கு பார்சல் போடுவாவ. லீவு நாளுன்னா திருச்செந்தூர்க் கடலு, மாஞ்சோலை, குத்தாலம்னு நம்மள ஒரு எடத்துல உக்கார விடமாட்டாவ. பயம்னா என்னன்னே தெரியாது. அந்தக் காத்தாடித் தூணு எம்புட்டு ஒசரம்! நான் கீழ நின்னு அண்ணாந்து பாத்தாலே தல சுத்தும். அவிய உள்ள ஏணியில விறுவிறுன்னு ஏறி, உச்சியில நின்னு எனக்குக் கையக் காட்டுவாவ. நான் கண்ண மூடிக்கிடுவேன்.

எல்லாம் ஆடி மாசம் வரைக்குந்தான். ஆடிக் காத்து ஒமக்குத் தெரியுமே, மனுசன நிக்க விடாது. அவிய கூட வேல பாத்தவன் கிங்ஸ்டன்னு ஒரு பய, வள்ளியூர்ப் பக்கம். நல்ல பய வே. உச்சியில ரெண்டு பேரும் நிக்காவ. மேடம் அங்கிட்டுத் திரும்பி எதையோ முடுக்கிக்கிட்டு இருக்காவ. பொறத்தாலருந்து "மேடம்"னு கூப்பிட்டிருக்கான். "ஒரு நிமிசம்"னு சொல்லிட்டு கைவேலைய முடிச்சுத் திரும்பினா, ஆளக் காணும். இடுப்புக் கொக்கி நழுவிக் கீழ விழுந்துட்டான். விசாரணையில, அவிய மேல ஒரு குத்தமும் இல்லன்னு எழுதிட்டான். எழுதி என்ன பண்ண?

அதுக்குப் பெறவு மேடம் மேடமா இல்ல. தூணு பக்கத்துல போனா ஏணியில கால வைக்காமலே திரும்பிருதாவ. ஏற முடியல. எப்பவும் பின் சீட்டுல உக்காருறவிய முன்னால வந்து உக்காந்தாவ. அதோட விட்டாவளா, பின் சீட்டுல பை, குடை, தேங்கா மூடைன்னு எதையாவது வச்சு நெரப்பச் சொல்லுதாவ. காலியாக் கெடந்தா அங்கன யாரோ இருக்குத மாதிரி இருக்காம். கண்ண மூடினா "மேடம்"னு கேக்காம். "அண்ணாச்சி, நான் ஒடனே திரும்பியிருந்தா கையப் புடிச்சிருப்பேன்"னு சொல்லுதாவ. ஒரு நா ரெண்டு நா இல்ல, தெனம். காத்தாடிக்கே ஏற முடியலன்னா பெறவு ஊருக்குத்தான் போகணும், இந்தப் பயத்தையும் கூட்டிக்கிட்டுத்தான் போகணும்னு ஒரு நா சொன்னாவ. எனக்குப் பயம் வந்துட்டு. இப்படியே விட்டா இவிய கோட்டி புடிச்சுப் புத்தி பேதலிச்சிருவாவளேன்னு.

எனக்கு வாயில சனின்னு எம் பொண்டாட்டி முத்துராணி சொல்லுவா. சரியாத்தான் சொல்லுதா. நான் சும்மா இருந்திருக்கலாம்லா? "மேடம், பாவநாசத்துல ஆத்துல முங்கி, அவன் விழுந்த அன்னைக்கு உடுத்தியிருந்த துணிய ஆத்தோட விட்டுட்டு வந்தா எல்லாம் அதோட போயிரும்"னு சொன்னேன். அது எல்லாருஞ் செய்யுததுதான். அதோட நிறுத்தினேனா? அவிய கண்ண விரிச்சுக் கேக்கவும் எனக்கு உற்சாகம் வந்துட்டு. இருக்குததையும் இல்லாததையும் சேத்து அவுத்து விட்டேன்.

"துணிய விட்டுட்டா திரும்பிப் பாக்காதீங்க மேடம். பொறத்தால யாரு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. செத்தவன் தெரிஞ்சவங்க கொரல்லதான் கூப்பிடுவான். எங் கொரல்லயே கூப்பிட்டாலும் திரும்பாதீங்க, அது கள்ளக் கொரலு. ஒரு வீட்டு வாசப்படிய மிதிக்கித வரைக்கும் நிக்கவுங் கூடாது."

இதுல பாதி எங்க ஆச்சி கூடச் சொன்னதில்ல. நானா விட்ட சரடு. அவிய தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டாவ.

ஐப்பசியில ஒரு நா காலையில போனோம். கோயில் துறையில துணி போடக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கான், ஆளும் கூட்டமா நிக்கி. அதனால கொஞ்சம் கீழ தள்ளி, மருத மரமா நிக்குமே, அந்த ஆளில்லாத துறைக்குக் கூட்டிட்டுப் போனேன். பொம்பள குளிக்க எடத்துல நமக்கென்ன சோலி? நான் மேல ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு, எதுக்க பீர் மைதீன் டீக்கடையில உக்காந்துட்டேன். மேடம் கையில ஒரு துணிப்பைய எடுத்துக்கிட்டு எறங்கினாவ. என்னத்த விடப் போறாவன்னு நான் கேக்கல. ஏதாவது சட்டையா இருக்கும்னு நெனச்சேன்.

வடைய ஒரு கடி கடிச்சிருப்பேன். பீர் மைதீன் மலையப் பாத்துட்டு, "அண்ணாச்சி, மேல நல்ல மழ போலுக்கே. ஆறு கலங்கலா வருது பாருங்க"ன்னாரு. பாத்தேன். தண்ணி செவேல்னு வருது, குப்பையும் கொப்பும் மொதந்து வருது. வடையப் போட்டுட்டு ஓடினேன் வே.

கீழ போனா படித்துறையில ஒரு ஈ காக்கா இல்ல. அடிப்படி ரெண்டும் முங்கிட்டு. "மேடம்"னு கூப்பிடுதேன், சத்தமே இல்ல. அப்பந்தான் பாத்தேன். ஆத்து நடுவுல, ஒரு பாறைக்கு இந்தாண்ட, மஞ்சளா ஒண்ணு. மஞ்சச் சட்ட. முதுகு மேல தெரியுது, கை ரெண்டும் விரிஞ்சு கெடக்கு, தல தண்ணிக்குள்ள. யாத்தாடி! எனக்கு ஒடம்புல உசுரு இல்ல. மேடம் போயிட்டாவ, நாந்தான் கூட்டியாந்து கொன்னுட்டேன், அந்த ஒண்ணுதான் மண்டைக்குள்ள. செருப்பக் கூடக் கழத்தாம குதிச்சிட்டேன்.

எனக்குக் கொளத்து நீச்சதான் தெரியும். ஆறு அப்படியா? காலப் புடிச்சு இழுக்கு. எப்படியோ போயி அந்தச் சட்டையப் புடிச்சுத் திருப்புனா, உள்ள ஆளு இல்ல. காத்தாடிக் கம்பெனிக் கோட்டு. காத்து அடைச்சு உப்பிக்கிட்டு நிக்கி. நெஞ்சுப் பக்கம் கம்பெனிப் பேரு போட்டிருக்கு. கிங்ஸ்டன் விழுந்த அன்னைக்கு மேடம் போட்டிருந்த கோட்டுன்னு அப்பத்தான் வெளங்கிச்சு. சந்தோசப்படக் கூட நேரமில்ல. கோட்டு இங்கன இருக்கு, ஆளு எங்க? அடியில கெடக்காவளோன்னு முங்கி முங்கித் தேடுதேன். கலங்கத் தண்ணியில கண்ணுக்கு ஒண்ணுந் தெரியல. அதுக்குள்ள ஆறு என்னைத் தூக்கிட்டுப் போயி பாறையில அடிச்சிட்டு. முட்டி கிழிஞ்சு போச்சு. பாறைய நெஞ்சோட சேத்துக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். தண்ணி இடுப்பளவு. பாத்துக்கிட்டே இருக்கேன், நெஞ்சுக்கு வருது.

அப்பத்தான் மருத மரத்துக்குப் பின்னாலருந்து ஒரு பொம்பள வந்தா. செவப்புச் சேல, தலையில துண்டு. நமக்கு முதுகக் காட்டிக்கிட்டு படி ஏறுதா. "எம்மா! தாயி! ஆளக் கூப்பிடு தாயி!"ன்னு கத்துதேன். காதுல விழல போல, ஏறிக்கிட்டே இருக்கா. அந்நேரம் தலத்துண்டு நழுவிச்சு. பாத்தா, வைக்கக் கலர்ல முடி.

மேடம்! உசுரோட! எனக்கு அழுக வந்துட்டு வே. அங்கன பாறையப் புடிச்சுக்கிட்டே "முருகா முருகா"ன்னு அழுதேன். பெறவுதான் எம் பாடு நெனப்பு வந்துச்சு. தொண்ட கிழியக் கூப்பிட்டேன்.

"மேடம்!"

நின்னுட்டாவ. ஒரு காலு மேப்படியில, ஒரு காலு கீழ்ப்படியில. கேட்டிருக்கு. கழுத்து லேசாத் திரும்புத மாதிரி இருந்திச்சு. திரும்பிருங்க, திரும்பிருங்கன்னு நான் கெஞ்சுதேன். "மேடம், நாந்தான், இசக்கியப்பன்! காப்பாத்துங்க!"

ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு ஓடுனாவ பாரும், ஓட்டம்!

எங் கொரல்லயே கூப்பிட்டாலும் திரும்பாதீங்கன்னு நாந்தானவே சொன்னேன்? எவனாவது தன் சாவுக்குத் தானே இப்படி ஏற்பாடு பண்ணுவானா? என்னைய நானே சவத்த மூதி, சவத்த மூதின்னு வஞ்சுக்கிட்டேன். தண்ணி கக்கத்துக்கு வந்துட்டு. முத்துராணி மொகம் வருது, எம் மக மொகம் வருது. கையில இன்னும் அந்தக் கோட்டு கெடக்கு. பாறைய ரெண்டு கையாலயும் புடிக்கணும். "போ, நீயாவது போயிச் சேரு"ன்னு விட்டேன். சுத்திச் சுத்திக் கீழ போச்சு.

என்னைக் காப்பாத்துனது யாருன்னு நெனைக்கீரு? அந்த ஓட்டந்தான். மேடம் மேல ஏறி, எங் காரையும் தாண்டி, பேயடிச்ச மாதிரி ஓடி, அப்பம் வந்த பஸ்ஸ மறிச்சு ஏறியிருக்காவ. இதென்னடா காரு நிக்கி, வெள்ளக்காரம்மா அழுதுக்கிட்டு பஸ்ல போகுதாவ, டிரைவரக் காணுமேன்னு பீர் மைதீன் எறங்கி வந்திருக்காரு. வந்து பாத்துட்டு, கடைத் தார்ப்பாய்க் கயித்த அவுத்தாந்து வீசுனாரு. நான் கரைக்கு வந்து விழுந்ததும் மொதல்ல அவரு காலத்தான் புடிச்சேன்.

மேல ஏறி வண்டிக்கு வந்தா, உள்ள கெடந்த போனு அடிக்கு. முத்துராணி. "எங்க இருக்கீய? மேடம் போன்ல அழுதாவ. பஸ்ல வாராவளாம். அவிய வீடு காலியா இருக்குமாம், பயமா இருக்காம், நம்ம வீட்டுக்கு வரட்டான்னு கேக்காவ. என்ன செஞ்சு வச்சிய?"

கிழிஞ்ச முட்டியோட நான் வண்டிய எப்படி உருட்டிட்டு வந்தேன்னு எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்தா, மேடம் வாசலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நடுவீட்டுல உக்காந்திருக்காவ. மரத்துக்குப் பின்னால நின்னு மாத்துன அந்தச் செவப்புச் சேலைய தாறுமாறாச் சுத்தியிருக்காவ. "மேடம்"னு கூப்பிட வாயத் தொறந்துட்டேன். நல்லவேள, மூடிக்கிட்டேன். கொல்லப்பக்கமாச் சுத்தி, அடுக்களை வழியா வந்து அவிய கண்ணு முன்னால நின்னேன்.

என்னைப் பாத்ததும் கையப் புடிச்சுக்கிட்டாவ. ஐஸ் மாதிரி இருக்கு கை.

"அண்ணாச்சி, உண்மையச் சொல்லுங்க. ஆத்துல என்னைய நீங்க கூப்பிட்டீங்களா?"

ஆமான்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும். ரெண்டாவது ஆளு கூப்பிட்டும் திரும்பலன்னு இந்தப் பொம்பள இன்னைக்கே முடிஞ்சு போயிருவாவ. பாறையில நின்ன பயத்த விட அந்தப் பயம் பெருசா இருந்திச்சு வே.

"நானா? இல்லியே மேடம்"னேன். "நான் பீர் மைதீன் கடையில வட தின்னுக்கிட்டுல்லா இருந்தேன்."

"சட்ட நனைஞ்சிருக்கே?"

"ஒங்களக் காணும்னு கீழ வந்தேன். வந்ததுதான் வந்தோம்னு நானும் ஒரு முங்கு போட்டேன். படியில வழுக்கி முட்டியும் போச்சு."

புடிச்சிருந்த கைய விட்டாவ. பெறவு, "அப்ப அது கிங்ஸ்டன்தான்"னாவ. "காப்பாத்துங்கன்னு கேட்டுச்சு. திரும்பணும்னு ரொம்ப இருந்துச்சு அண்ணாச்சி. நீங்க சொன்னீங்கன்னு திரும்பல. போயிட்டான். இனி வர மாட்டான்."

முத்துராணி எம் முட்டியில வடியுத ரத்தத்தப் பாக்கா, மொகத்தப் பாக்கா. அவளுக்கு வெளங்கிட்டு. பாய விரிச்சுக் குடுத்தா. தொறந்த வாசலுக்கு முதுகக் காட்டிப் படுத்து, மேடம் சாயந்தரம் வரைக்கும் அசையாம ஒறங்குனாவ.

போன வாரம் காத்தாடியில ஏறிட்டாவ. உச்சியில நின்னு கையக் காட்டுனாவ. நான் கண்ண மூடல.

பின் சீட்டுல இருந்த தேங்கா மூடையெல்லாம் எறக்கியாச்சு, பழையபடி பின்னாலதான் உக்காருதாவ. இப்பம் பயமெல்லாம் எனக்குத்தான். பொறத்தாலருந்து "அண்ணாச்சி, பைய போங்க"ன்னு அவிய சொன்னாலே அந்தத் தண்ணி என் கக்கத்துக்கு ஏறிருது. ஆனா ஒண்ணு வே. எம்புட்டு நெரிசல்னாலும் சரி, வண்டிய ஓரங்கட்டி நிறுத்தியாவது, ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாத்துத்தான் "சரி மேடம்"னு சொல்லுதேன்.